ஒக்ஸ்போர்டில் ஒரு கோடை வாரம்: தீயும் நூலும்

பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்ப்பதற்காக இங்கிலாந்துக்குச் செல்லும் நம்மவர்களில் பலர் ஒக்ஸ்போர்டையும் ஒரு நாட் பயணமாகப் பார்த்துத் திரும்புவது வழக்கம். லண்டனில் காலையில் பஸ் ஏறி, இரண்டு மூன்று கல்லூரிகளின் வாசலில் நின்று படம் எடுத்து, மாலையில் வீடு வந்துவிடுவார்கள். எனக்கு 2023ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு முழு வாரம் கிடைத்தது. என் தமக்கையின் பேரன் அங்கே ஆய்வு மாணவன். அவன் வாடகைக்கு இருந்த வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. “தாத்தா, கோடை விடுமுறையில் மாணவர்கள் இல்லை, ஊர் அமைதியாக இருக்கும், வந்து ஆறுதலாகப் பாருங்கள்” என்று அழைத்தான்.

ஒரு வாரத்தை அங்கே எப்படிச் செலவிடலாம் என்று கேட்கும் நண்பர்களுக்காக நாள்வாரியாகக் குறித்து வைத்தவற்றையே இங்கு தருகிறேன். ஆனால் எழுதத் தொடங்கிய பின்னரே ஒன்றைக் கவனித்தேன். பயணக் குறிப்பாகத் தொடங்கியது நான் எங்கே நின்றாலும் ஒரே இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த இடம் இங்கிலாந்தில் இல்லை.

முதல் நாள்: நகரமும் பல்கலைக்கழகமும்

ஒக்ஸ்போர்டுக்குப் புதிதாக வருபவர்கள் “பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது?” என்று கேட்பதுண்டு. பேராதனையில் இருப்பதுபோல ஒரு தனி வளாகம் அங்கே கிடையாது. ஏறத்தாழ நாற்பது கல்லூரிகளும் மண்டபங்களும் கடைத்தெருக்களுக்கு இடையே சிதறிக் கிடக்கின்றன. 1096ஆம் ஆண்டளவிலேயே அங்கே ஏதோ ஒரு வகையில் கற்பித்தல் நடந்திருக்கிறது. 1209இல் நகர மக்களோடு ஏற்பட்ட பிணக்கினால் அங்கிருந்து வெளியேறியவர்களே கேம்பிரிட்ஜில் இன்னொரு பல்கலைக்கழகம் உருவாகக் காரணமானார்கள்.

முதல் நாளில் செய்ய வேண்டியது நடப்பதுதான். புனித மரியாள் ஆலயத்தின் கோபுரத்துக்கு 127 படிகள். என் வயதில் இருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. மேலே நின்றால் றட்கிளிவ் கமெரா என்ற வட்ட மண்டபமும் கல்லூரிகளின் தேன்நிறக் கற்கூரைகளும் ஒரே பார்வையில் விழுகின்றன.

இறங்கிவந்து கார்பக்ஸ் என்ற நாற்சந்தியில் நின்றேன். 1355 பெப்ரவரி 10ஆம் திகதி அங்கிருந்த மதுச்சாலை ஒன்றில் வைன் நன்றாக இல்லை என்று மாணவர்கள் சிலர் குறை கூறப்போய்ச் சண்டை மூண்டது. மூன்று நாட்கள் நீடித்த அந்தக் கலவரத்தில் மாணவர் தரப்பில் 63 பேரும் நகர மக்களில் ஏறத்தாழ 30 பேரும் மாண்டதாகச் சொல்லப்படுகிறது. மன்னர் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றார். நகர மேயர் ஆண்டுதோறும் அதே நாளில் ஆலயத்துக்குச் சென்று, மாண்ட மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பென்னி வீதம் 63 பென்னிகளைச் செலுத்திப் பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இந்த வழக்கம் 1825 வரை நீடித்தது. 1955 பெப்ரவரி 10ஆம் திகதி, அறுநூறு ஆண்டுகள் நிறைந்த நாளில், பல்கலைக்கழகம் மேயருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது. பதிலுக்கு நகரம் துணைவேந்தரைக் கௌரவக் குடிமகனாக்கியது. மதுச்சாலையில் தொடங்கிய ஒரு சண்டை தீர அறுநூறு ஆண்டுகள்! இலங்கையில் இருந்து போனவனுக்கு இந்தக் கணக்கு எளிதில் மறக்கக் கூடியதல்ல.

இரண்டாம் நாள்: வீதியில் ஒரு கற்சிலுவை

புறோட் வீதி புத்தகப் பிரியர்களின் வீதி. 1879இல் தொடங்கப்பட்ட பிளக்வெல் புத்தகக் கடை அங்கேதான் இருக்கிறது. வெளியே சிறு கடைபோலத் தோன்றும். உள்ளே நிலத்துக்குக் கீழே விரிந்து கிடக்கும் மண்டபத்தில் ஒரு முற்பகல் முழுவதும் போய்விட்டது.

வெளியே வந்தபோது பேரன் வீதியின் நடுவே தரையைக் காட்டினான். பேலியல் கல்லூரிக்கு எதிரே, கற்கள் பதித்த ஒரு சிலுவை. சைக்கிள்கள் அதன்மேல் ஏறிப் போகின்றன. 1555 ஒக்டோபர் 16ஆம் திகதி லற்றிமர், றிட்லி என்ற இரு ஆயர்களை மேரி அரசியின் ஆட்சியில் உயிருடன் எரித்த இடத்தின் அடையாளம் அது. முன்னாள் பேராயர் கிரான்மர் 1556 மார்ச் 21ஆம் திகதி எரிக்கப்பட்டார். உயிர் தப்புவதற்காக முன்னர் ஒப்பமிட்ட தனது கையை முதலில் தீக்குள் நீட்டினார் என்பது வரலாறு. அரசியின் மதத்தை ஏற்காததே அவர்கள் செய்த குற்றம்.

உலகின் தலைசிறந்த கல்விக்கூடங்களில் ஒன்றின் வாசலில் இது நடந்தது. நகரம் அதை மறைக்கவில்லை. மூவருக்கும் 1843இல் ஒரு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. எரித்த இடத்தைத் தரையிலேயே காட்டி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள்: வெறுமையான நூலகம்

வாரத்தில் ஒரு நாளைத்தான் ஒதுக்க முடியும் என்றால் அதை பொட்லியன் நூலகத்துக்கு ஒதுக்குங்கள். வழிகாட்டியுடன்தான் பழைய வாசிகசாலைக்குள் செல்லலாம். முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது.

ஐந்தாம் ஹென்றி மன்னரின் தம்பி ஹம்ப்றி கோமகன் 15ஆம் நூற்றாண்டில் 280க்கும் மேற்பட்ட கையெழுத்து நூல்களைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அவற்றை வைப்பதற்கென்று கட்டிய மண்டபம் 1488இல் திறக்கப்பட்டது. அச்சு இயந்திரம் பரவாத காலத்தில் அது பெருஞ்செல்வம். ஆனால் 1550இல், ஆறாம் எட்வேர்ட்டின் ஆட்சியில், பழைய மதத்தின் மூடநம்பிக்கை நூல்களைக் களையவேண்டும் என்ற ஆணையின் பேரில் நூலகம் வெறுமையாக்கப்பட்டது. சில நூல்கள் விற்கப்பட்டன, சில எரிக்கப்பட்டன. 1556இல் வாசிப்பு மேசைகளையும் பல்கலைக்கழகமே விற்றுவிட்டது. நூல் இல்லாத இடத்தில் மேசை எதற்கு?

ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த மண்டபம் வெறுமையாகக் கிடந்தது. 1598இல் தோமஸ் பொட்லி என்ற ஓய்வுபெற்ற இராஜதந்திரி, தன் செலவில் அதைச் சீர்செய்து தருவதாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். 1602 நவம்பர் 8ஆம் திகதி ஏறக்குறைய 2,000 நூல்களுடன் நூலகம் மீண்டும் திறக்கப்பட்டது. 1610இல் லண்டன் அச்சகத்தாரின் சங்கத்துடன் அவர் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். அங்கே பதிவாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி ஒக்ஸ்போர்டுக்கு வரவேண்டும். இன்று அங்கே ஒரு கோடியே முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட நூல்களும் ஆவணங்களும் உள்ளன.

நூல்களை எவருக்கும் இரவல் கொடுப்பதில்லை என்பது விதி. 1645இல் முதலாம் சார்ள்ஸ் மன்னர் ஒரு நூலைக் கேட்டு ஆள் அனுப்பினார். நூலகர் ஜோன் றவுஸ் விதியை எடுத்துக்காட்டி மறுத்தார், மன்னரும் ஏற்றுக்கொண்டார். 1654இல் குறொம்வெல்லுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. ஆட்சி மாறியது, விதி மாறவில்லை.

இன்னொரு விதியே என்னை அங்கே நிற்கவைத்தது. நூலகத்தில் சேரும் ஒவ்வொரு வாசகரும் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். நூலைச் சேதப்படுத்தமாட்டேன் என்பதோடு, நெருப்பையோ சுவாலையையோ உள்ளே கொண்டுவரவும் மாட்டேன், மூட்டவும் மாட்டேன் என்பதும் அதில் அடக்கம். இது வெறும் சடங்கன்று. தீக்கு அஞ்சி 1845 வரை அந்தக் குளிரில் நூலகத்துக்கு வெப்பமூட்டவில்லை. 1929 வரை விளக்கும் இல்லை. பகல் வெளிச்சம் உள்ளவரைதான் வாசிப்பு.

“நானும் அதைச் சொல்லித்தான் சேர்ந்தேன்” என்றான் பேரன். பின்பு தயங்கிக் கேட்டான்: “யாழ்ப்பாண நூலகத்திலும் இப்படி ஒரு சத்தியம் இருந்ததா, தாத்தா?”

இருக்கவில்லை என்றேன். இருந்திருந்தாலும் பயனில்லை. அங்கே தீ வைத்தவர்கள் வாசகர்கள் அல்லர்.

அவன் பிறப்பதற்கு வெகுகாலத்துக்கு முன்னர் நடந்தது. 1933இல் க. மு. செல்லப்பா தனது வீட்டில் தொடங்கிய சிறிய வாசிகசாலைதான் யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த வெள்ளை மாளிகை 1959இல் திறக்கப்பட்டது. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நெருங்கியிருந்தது. மே 31ஆம் திகதி நாச்சிமார் கோயிலடியில் நடந்த தேர்தற் கூட்டத்தில் பொலிஸார் சுடப்பட்டதை அடுத்து வன்செயல் தொடங்கியது. பொலிஸாரும் அவர்களோடு சேர்ந்த குண்டர்களும் கடைகளைக் கொளுத்தினார்கள். ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகம் எரிக்கப்பட்டது. நூலகமும் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள், அவற்றோடு ஏட்டுச்சுவடிகள், பழைய பத்திரிகைக் கோப்புகள். புனித பத்திரிசியார் கல்லூரியில் இருந்து அந்தத் தீயைப் பார்த்த பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் அதிர்ச்சியில் உயிர் நீத்தார்.

அப்போது நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர். செய்தி துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. கடைகள் எரிகின்றன என்றதை நம்பினோம். நூலகம் எரிகிறது என்றபோது, தொலைபேசியில் பேசியவரிடம் இருமுறை கேட்டேன்.

நான்காம் நாள்: போப்பையரின் கல்லறை

வோல்ற்றன் வீதியின் ஒரு ஒழுங்கைக்குள் புனித செபல்கர் இடுகாடு இருக்கிறது. மரநிழலும் உயர்ந்த புல்லும் நிறைந்த அமைதியான இடம். ஜீ. யூ. போப் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

1820இல் கனடாவின் பிரின்ஸ் எட்வேர்ட் தீவில் பிறந்து, 1839இல் தமிழகம் வந்து, சாயர்புரத்திலும் உதகமண்டலத்திலும் பணியாற்றியவர் அவர். முதுமையில் ஒக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். பேலியல் கல்லூரியின் குருவாகவும் இருந்தார். திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இலும் நாலடியார் 1893இலும் வெளிவந்தன. திருவாசகம் 1900 ஏப்ரல் 24ஆம் திகதி, அவரது எண்பதாவது பிறந்தநாளில், நிறைவுற்றது. அதன் முன்னுரையில் ஒரு ஜூன் மாத இரவை அவர் நினைவுகூர்கிறார். பேலியல் முற்றத்தில் நிலவொளியில் கல்லூரித் தலைவர் ஜோவெற்றுடன் நடந்துகொண்டிருக்கிறார். இதை அச்சிட வேண்டும் என்கிறார் ஜோவெற். நெடுங்காலம் பிடிக்கும் வேலை, எனக்குச் சாகாவரம் இல்லையே என்கிறார் போப். பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்டநாள் வாழும் வழி, முடிக்கும்வரை இருப்பீர்கள் என்று தோளில் கைவைத்துச் சொல்கிறார் ஜோவெற். 1893இல் ஜோவெற் காலமானார். போப் வேலையை முடித்து 1908 வரை வாழ்ந்தார். இருவரும் இன்று ஒரே இடுகாட்டில் உறங்குகிறார்கள்.

‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று தனது கல்லறையில் பொறிக்கும்படி போப் கேட்டுக்கொண்டார் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். மேடைகளிலும் கேட்டிருக்கிறோம். நானே ஒருமுறை ஞாயிறு மலரில் அவ்வாறு எழுதியிருக்கிறேன். கல்லறையில் அப்படி ஒரு வரி இல்லை. அவர் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராக இருந்தவர் என்பதும், கீழைத்தேய இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் ஆற்றிய வாழ்நாள் உழைப்பை மெச்சி அவரது குடும்பத்தாரும் தென்னிந்தியாவின் தமிழ் நண்பர்களும் அந்தக் கல்லை வைத்தார்கள் என்பதுமே அதில் உள்ள செய்தி. கடல் கடந்து பணம் திரட்டிக் கல் வைத்த தமிழ் நண்பர்களின் கதை, நாம் இட்டுக்கட்டிய வரியைவிட எவ்வகையிலும் குறைந்ததல்ல. ஆதாரத்தைப் பாராமல் எழுதிய பிழையை இங்கே திருத்திக்கொள்கிறேன்.

ஐந்தாம் நாள்: அருங்காட்சியகங்கள்

மழை பெய்யும் நாளை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் கோடையில் அப்படி ஒரு நாள் நிச்சயம் வரும். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில்தான் 1860 ஜூன் 30ஆம் திகதி டார்வினின் கொள்கை குறித்து ஹக்ஸ்லியும் ஆயர் வில்பர்போர்ஸும் மோதிக்கொண்டார்கள். அதன் பின்புறம் உள்ள பிற் றிவேர்ஸ் அருங்காட்சியகத்தில் உலக மக்களின் கைவினைப் பொருட்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. நெடுங்காலம் அங்கே காட்சிக்கு இருந்த சுருக்கப்பட்ட மனிதத் தலைகள் 2020இல் அகற்றப்பட்டன. அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் 1931 மே மாதம் ஐன்ஸ்ரைன் எழுதிய கரும்பலகை அழிக்கப்படாமல் இருக்கிறது.

அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் நமக்கு ஒரு தனிக்கதை உண்டு. 1967இல் லண்டன் ஏலத்தில் அது வாங்கிய திருமங்கையாழ்வார் வெண்கலச் சிலை, 1957இல் கும்பகோணத்துக்கு அருகே சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தில் இருப்பதாகப் பின்னாளில் தெரியவந்தது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆவணக்காப்பில் அந்தப் படம் இருந்தது. 2024 மார்ச்சில் ஒக்ஸ்போர்டின் பேரவை சிலையை இந்தியாவிடம் திருப்பிக் கொடுப்பதற்கு இணங்கியது. சிலை போன பாதையைக் காட்டிக்கொடுத்தது ஒரு பழைய படம். அதை எவரோ எடுத்து, எவரோ பத்திரமாக வைத்திருந்தார்கள்.

ஆறாம் நாள்: ஆறு

தேம்ஸ் நதியை ஒக்ஸ்போர்டில் ஐசிஸ் என்பார்கள். கிளைநதி சேர்வெல். தட்டையான படகின் பின்புறம் நின்று நீண்ட கழியால் தள்ளிச் செல்லலாம். நம்மூர்க் கடலில் மரக்கோல் ஊன்றித் தோணி தள்ளுவோரைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது எளிதென்று தோன்றியது. பத்து நிமிடத்தில் கழியைச் சேற்றில் விட்டுவிட்டேன். மீதித் தூரத்தைப் பேரன் பார்த்துக்கொண்டான்.

1862 ஜூலை 4ஆம் திகதி கிறைஸ்ற் சேர்ச் கல்லூரிக் கணித ஆசிரியர் ஒருவர் மூன்று சிறுமிகளையும் ஒரு நண்பரையும் ஏற்றிக்கொண்டு போலி பாலத்தில் இருந்து கொட்ஸ்ரோ வரை படகோட்டிச் சென்றார். வழியில் சொன்ன கதையை எழுதித் தரும்படி அலிஸ் என்ற சிறுமி கேட்டாள். அதனால் 1865இல் உலகுக்கு ஒரு நூல் கிடைத்தது. லூயிஸ் கறோல் அதை எழுதிக் கொடுக்காதிருந்தால் அந்தப் பிற்பகலோடு கதையும் போயிருக்கும். மாலையில் போர்ட் மெடோ என்ற மேய்ச்சல் நிலத்தின் வழியே நடந்தோம். ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. மாடுகளும் குதிரைகளும் ஆற்றில் இறங்கி நின்றன.

ஏழாம் நாள்: விவாத மண்டபம்

ஒக்ஸ்போர்ட் யூனியன் என்ற விவாத சங்கத்துக்குப் பேரனின் நண்பன் அழைத்துச் சென்றான். நம் நாட்டின் தலைவிதி ஓரளவு பழகிய இடம் அது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க 1920களில் அங்கே பேசிப் புகழ்பெற்றுச் செயலாளராகவும் இளைய பொருளாளராகவும் இருந்தார். தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். எதிர்த்தரப்பின் வாதத்தைச் செவிமடுத்து விடையளிக்கும் கலையை அங்கே கற்றவர், 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1957 ஜூலையில் செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தார். 1958 ஏப்ரலில் அதைக் கிழித்தார். 1959இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

லலித் அத்துலத்முதலியும் லக்ஷ்மன் கதிர்காமரும் 1950களின் இறுதியில் அந்தச் சங்கத்தின் தலைவர்களாக இருந்தார்கள். மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட கதிர்காமர், போப் இருந்த அதே பேலியல் கல்லூரியில் படித்தவர். அவரது ஓவியம் 2005 மார்ச்சில் சங்கத்தில் திறந்துவைக்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி கொழும்பில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அத்துலத்முதலியும் 1993இல் சுட்டுக் கொல்லப்பட்டவரே. அவர்களது அரசியலில் எனக்கு உடன்பாடின்மைகள் உண்டு. எனினும் சொல்லால் வாதாடக் கற்ற மூவரும் துப்பாக்கியால் முடிக்கப்பட்டார்கள் என்பதை அந்த மண்டபத்தின் வெறும் இருக்கைகளுக்கு நடுவே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அன்று மாலை பொட்லியன் முற்றத்துக்கு மீண்டும் போனேன். அந்த முற்றத்துக்கும் ஒரு ஜூலை மாதம் உண்டு. 1683 ஜூலை 21ஆம் திகதி, ஹொப்ஸ், மில்ற்றன் முதலியோரின் அரசியல் நூல்களைப் பல்கலைக்கழகமே கண்டித்து அங்கே எரித்தது. நெருப்பை உள்ளே விடமாட்டோம் என்று சத்தியம் வாங்கிய நூலகத்தின் வாசலில்! ஆனால் மில்ற்றன் தன் வாழ்நாளில் அந்நூலகத்துக்குக் கொடுத்த பிரதிகள் உள்ளே இருந்தன, இன்றும் இருக்கின்றன. எரிக்கப்பட்ட நூல் வேறோர் இடத்தில் இருந்தால் அது அழிவதில்லை. ஹம்ப்றி கோமகனின் கையெழுத்து நூல்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பொட்லி புதிய நூல்களால் மண்டபத்தை நிரப்பினார். பழையவற்றுள் திரும்பி வந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

யாழ்ப்பாண நூலகமும் திருத்திக் கட்டப்பட்டு, மீண்டும் வாசகர்களுக்காகத் திறக்கப்பட்டுவிட்டது. அச்சு நூல்களை உலகின் பல பாகங்களில் இருந்தும் அனுப்பினார்கள். எரிந்த ஏடுகளை எவராலும் அனுப்ப முடியவில்லை. இந்தப் பாடத்தைக் கற்றுத்தான் 2005இல் சில இளைஞர்கள் ‘நூலகம்’ என்ற இணையத் திட்டத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்து வருகிறார்கள்.

இதை எழுதும் எனக்கும் ஒரு கடன் இருக்கிறது. 1970களில் ஒரு கட்டுரைக்காக யாழ்ப்பாண நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில் பல நாட்கள் இருந்து, பழைய பத்திரிகைக் கோப்புகளில் இருந்து மூன்று சீ. ஆர். கொப்பிகள் நிறையக் குறிப்பெடுத்தேன். கட்டுரை ஒருநாளும் எழுதப்படவில்லை. கோப்புகள் எரிந்துவிட்டன, கொப்பிகள் என்னோடு வீடு வீடாக இடம்பெயர்ந்து இன்னும் ஒரு தகரப் பெட்டியில் கிடக்கின்றன. எல்லோருக்கும் ஆவணப்படுத்தல் பற்றி உபதேசித்த நான், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றுக்கு ஒரு பிரதி எடுக்கவில்லை.

ஊர் திரும்பிய வாரமே பெட்டியைத் திறந்தேன். இரண்டு கொப்பிகளை இன்னும் வாசிக்கலாம். மூன்றாவதை முன்பாதிவரை கறையான் தின்றிருந்தது. மிஞ்சிய பக்கங்கள் எல்லாவற்றையும் படமெடுத்து, பிரதிகளை மூன்று நாடுகளில் உள்ள மூவரிடம் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். கோடையில் ஒக்ஸ்போர்டுக்குப் போக முடியாதவர்கள் அந்த ஒரு வாரத்தில் அதைத் திறந்து பார்க்கலாம்.